குமிழ மொழி வழக்கு

கடலுக்கு அடியில் வாழும் குமிழர்கள் என்னும் குட்டி ஜீவன்களை வைத்து ஒரு பொம்மைப்படத் தொடர் எடுப்பது என்று கம்பெனியில் முடிவானபோது, அவர்களுக்குப் பேச்சே தேவையில்லை என்றுதான் முதலாளி சொன்னார்.

"குளுகுளு, பிளுபிளுன்னு ஏதாவது சத்தம் குடுங்க, போதும். பாக்கப்போறது சின்னப் பசங்கதானே."

அங்கே வசனம் எழுதுகிறவளுக்கு அது பிடிக்கவில்லை. வாசல் காவலாளி முதல் முதலாளி வரை எல்லோரும் அவளை வசனக்காரி என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. சின்னப் பசங்களை ஏமாற்ற முடியாது என்பது அவள் கட்சி. நேற்று 'பிளு' என்றால் மீன், இன்று 'பிளு' என்றால் வீடு என்று காட்டினால் பால் மணம் மாறாத குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். ஆகவே டீக் கோப்பையின் கறை வளையம் வளையமாகப் பதிந்த காகிதங்களில் அவள் ஒரு மொழியையே கட்டி எழுப்பினாள்.

லூப்பா என்றால் வா. மோலு என்றால் வீடு. நடந்து முடிந்த காரியத்தைச் சொல்ல முதல் எழுத்தை இரட்டிக்க வேண்டும்: லூலூப்பா, வந்தாயிற்று. கேள்வி என்றால் கடைசியில் குரல் குமிழி மாதிரி மேலே ஏற வேண்டும். குமிழர்களுக்குக் காது கிடையாது. அதனால் 'கேள்' என்ற சொல்லும் கிடையாது. 'உன் பக்கம் அலை வருகிறது' என்றுதான் சொல்வார்கள். குரல் கொடுக்க வந்த நடிகர்கள் முதல் வாரம் அவளைக் கரித்துக் கொட்டினார்கள். இரண்டாம் வாரம் அவர்களே இடைவேளையில் அதில் டீ கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

தொடர் பிய்த்துக்கொண்டு ஓடியது. குழந்தைகள் குளியலறையில் குமிழம் பேசினார்கள். குளிப்பாட்டிய அப்பா அம்மாக்களும் வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்டார்கள். வருடா வருடம் புதுப்புது அத்தியாயங்கள் வந்தன. வேலை பெருகியதும் வசனக்காரிக்கு உதவியாக இளவட்டங்கள் சிலரை முதலாளி சேர்த்துக்கொண்டார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒரு நாள் முதலாளி அவளை அறைக்குக் கூப்பிட்டு மேஜைமேல் ஒரு புத்தகத்தைத் தள்ளினார். அட்டையில் ஒரு குமிழன் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். 'குமிழம்: இலக்கணமும் அகராதியும்.' எழுதியவர் ஒரு பல் டாக்டர்.

"பாத்தியாம்மா? நம்ம வீட்டுக் கோழியைப் பிடிச்சு நமக்கே முட்டை விக்கறான்" என்றார் முதலாளி. "நோட்டீஸ் அனுப்பியாச்சு. இந்த மொழி நம்ம கம்பெனி சொத்து. எவனும் இதுல புத்தகம் போடக்கூடாது, வகுப்பு நடத்தக்கூடாது. கோர்ட்டுக்குப் போனா நீதான் முக்கியமான சாட்சி."

வசனக்காரி புத்தகத்தைப் புரட்டினாள். முதலில் வந்தது எரிச்சல்தான். யாரோ தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்த் தலைவாரிச் சட்டை மாட்டி நிறுத்தியிருப்பதுபோல் இருந்தது. அதைவிட எரிச்சல், சட்டை பொருத்தமாக இருந்ததுதான். அவள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வைத்திருந்த விதிகளை அந்த மனுஷன் அழகாக அடுக்கியிருந்தார்.

அன்று சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது அவளுடைய தம்பி கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தான். அவன் வக்கீல். அம்மா, அக்கா, அவன் என்று மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். வக்கீலாகி வருஷங்கள் ஓடியும் அவனுக்கு வாய்த்ததெல்லாம் வேலித் தகராறும் வாடகைத் தகராறும்தான்.

"அக்கா, இன்னிக்கு எனக்கு ஒரு கேஸ் வந்திருக்கு. வந்தவர் ஒரு பல் டாக்டர்."

வசனக்காரி பையைக் கீழே வைத்தாள். "டேய், வேண்டாம்."

"உங்க கம்பெனி அவருக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கு. ஒரு மொழி ஒருத்தருக்குச் சொந்தமாக முடியுமான்னு கேள்வி. இந்த மாதிரி கேஸ் என் ஜென்மத்துக்கு இன்னொண்ணு வராதுக்கா."

"ஊர்ல வேற வக்கீலே இல்லையா?"

"அதையேதான் நானும் கேட்டேன். மூணு பேர்கிட்டப் போனாராம். மூணு பேரும் சிரிச்சு அனுப்பிட்டாங்களாம். நான் மட்டும்தான் சிரிக்கலையாம்."

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். விஷயம் முழுவதையும் இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லி முடித்த பிறகு அவள் ஒரே ஒரு தீர்ப்புச் சொன்னாள். "யாரு ஜெயிச்சாலும் இந்த வீட்டுக்குள்ளதான் வரப்போகுது. ஆனா சாப்பாட்டு மேஜையில கேஸ் பேச்சு வரக்கூடாது. வந்தா ரெண்டு பேரும் அவங்கவங்க தட்டை அவங்கவங்களே கழுவிக்கணும்."

பத்து நாள் அந்த வீட்டில் வானிலையைப் பற்றி மட்டுமே பேச்சு நடந்தது.

கம்பெனி வக்கீல் வயதான பெண்மணி, நிதானமானவர். வசனக்காரிக்காக அவர் ஒரு வாக்குமூலம் தயார் செய்திருந்தார். 'குமிழ மொழியின் ஒவ்வொரு சொல்லையும் நானே உருவாக்கினேன்' என்று அது தொடங்கியது. பேனாவைக் கையில் எடுத்தவள் 'ஒவ்வொரு' என்ற இடத்தில் நின்றுவிட்டாள். அந்தப் புத்தகத்தின் அகராதியில் அவளுக்கே தெரியாத சொற்கள் இருந்ததைப் பார்த்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை அந்த டாக்டரோட ஆஸ்பத்திரியில குமிழம் கத்துக்கிட்டவங்கெல்லாம் கூடிப் பேசறாங்களாமே" என்றாள். "ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்து கையெழுத்துப் போடறேனே."

"போ. வேவு பாத்த மாதிரியும் ஆச்சு" என்றார் பக்கத்தில் இருந்த முதலாளி.

ஞாயிற்றுக்கிழமை பல் ஆஸ்பத்திரிக்கு விடுமுறை. அதன் காத்திருக்கும் அறையில்தான் கூட்டம். சுவரில் சொத்தைப் பல்லின் படம், மூலையில் ஆளுயரப் பல்துலக்கி, ஒரு மீன்தொட்டி. பல் டாக்டர் ஒட்டடைக் கம்பு மாதிரி உயரம். கதவைத் திறந்து, வந்திருப்பது யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், அந்த உயரம் முழுவதும் வெட்கத்தில் வளைந்தது.

"லூப், லூப். மோல்ந்யா" என்றார்.

வசனக்காரி விழித்தாள். "என்ன சொன்னீங்க?"

"வாங்க, வாங்க, இது உங்க வீடுன்னு சொன்னேன்."

"லூப்பா இல்லையா அது? உங்க வீடுன்னா மோலு நியாமோன்னுதானே எழுதினேன்?"

நாற்காலியில் கால் ஆட்டிக்கொண்டிருந்த ஒரு பள்ளிக்கூடப் பெண் குறுக்கே புகுந்தாள். "அது பழைய குமிழம் ஆன்ட்டி. இப்போ யாரும் அப்படி இழுத்துப் பேச மாட்டாங்க."

பழைய குமிழம். வசனக்காரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் அந்த மொழியை எழுதியிருந்தாளே தவிர வாயால் பேசிப் பழகியதில்லை. இங்கே ஒரு பஸ் டிரைவர், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி, நாலைந்து மாணவிகள், டாக்டரின் மனைவி என்று எல்லோரும் சளசளவென்று பேசினார்கள். அவள் பரீட்சைக்குப் படிக்காமல் வந்த பிள்ளை மாதிரி வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடலடியில் மூக்குக்கண்ணாடி ஏது? கடைக்காரி அதற்கு 'இரண்டு அசையாக் குமிழி' என்று ஒரு சொல் வைத்திருந்தாள். பஸ் டிரைவர் அன்று காலை ஒரு லாரிக்காரனைத் திட்டிய திட்டைச் சொல்லிக் காட்டினார்.

"அது என்ன?" என்று கேட்டாள்.

"'உன் குமிழி பட்டுன்னு போக' அப்படின்னு அர்த்தம்ங்க. உங்க தொடர்ல ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. அதை வச்சுக்கிட்டு பஸ் ஓட்ட முடியுங்களா?"

வசனக்காரி அடக்கமாட்டாமல் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள். அதற்குப் பிறகு கூட்டத்துக்கும் கூச்சம் விட்டுப்போயிற்று.

எதற்காக இதைக் கற்றுக்கொண்டீர்கள் என்று டாக்டரைக் கேட்டாள்.

"என்கிட்ட வர்ற குழந்தைங்க வாயைத் திறக்காதுங்கம்மா. கெஞ்சினாலும் திறக்காது, மிட்டாய் தர்றேன்னாலும் திறக்காது. பல் டாக்டர் மிட்டாய் தரக்கூடாதுங்கறது வேற விஷயம். ஒருநாள் உங்க தொடர்ல ஒரு குமிழன் இன்னொருத்தன்கிட்ட 'அலைக்கு வழி விடு'ன்னு சொன்னான். மறுநாள் ஒரு பொண்ணுகிட்ட அதைச் சொல்லிப் பாத்தேன். குகை மாதிரி வாயைத் திறந்துட்டா. வாயுள்ள பிள்ளை பிழைக்கும்பாங்க. என் பிழைப்பு அந்தப் பிள்ளைங்க வாயிலதான் இருக்கு. அப்புறம் விடுவேனா?"

அவர் தொடர்ந்தார். "ஆனா ஒண்ணு. ஊசி போட்டா அதுங்க அழும். மன்னிச்சுக்கோன்னு சொல்லணும். தொடர் பூராவும் தேடினேன். உங்க ஆளுங்க யாரும் யார்கிட்டயும் மன்னிப்பே கேக்கறதில்லை."

யோசித்துப் பார்த்தாள். உண்மைதான். குமிழர்கள் சண்டை போட்டால் ஒரு பெரிய குமிழி விட்டுவிட்டு அவரவர் வழியில் போய்விடுவார்கள். அப்படி ஒரு சொல் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"அதனால நானே ஒண்ணு செஞ்சேன். ஓவு, வலி. லா, என்னுது. ஓவுலா."

உன் வலி என்னால் வந்தது. வசனக்காரி அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். தான் செய்திருந்தால் இவ்வளவு நன்றாகச் செய்திருப்போமா என்று சந்தேகமாக இருந்தது. "நல்லா இருக்கு டாக்டர்" என்றாள்.

சொன்ன பிறகுதான் பொறி தட்டியது. மூன்றாம் வருடத் தொடரின் தலைப்புப் பாட்டு 'ஓவுலா ஓவுலா' என்றுதான் முடியும். சந்துக்குச் சந்து குழந்தைகள் பாடுகிற பாட்டு. அந்தச் சொல்லை அலுவலகத்து இளவட்டம் ஒன்று சொந்தமாகச் செய்தது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மறுநாள் அந்தப் பையனைக் கேட்டபோது அவன் தலையைச் சொறிந்தான். "எங்க அக்கா பொண்ணு சொல்லிட்டே திரிஞ்சா. தொடர்ல வந்த வார்த்தைதான்னு நினைச்சுட்டேன்" என்றான். அந்தக் குழந்தைக்கு யார் பல் பிடுங்கினார்கள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னாள். 'ஒவ்வொரு சொல்லையும்' என்று கையெழுத்துப் போட முடியாது என்றாள்.

முதலாளி முகம் சுருங்கியது. "ஒரே ஒரு வார்த்தைதானேம்மா. அதைப் போய் யார் கேக்கப்போறாங்க?"

"என் தம்பி கேப்பான் சார். அவனுக்கு அதான் வேலை."

கம்பெனி வக்கீல் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொய் சொல்லச் சொல்லி நான் யாரையும் கூண்டுல ஏத்தறதில்லை. 'பெரும்பாலான சொற்கள்'னு மாத்திடறேன். மிச்சத்தை அங்க பாத்துக்கலாம்" என்றார்.

வழக்கு நாள் வந்தது. நீதிபதி, சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த ஓர் அம்மாள். சாட்சி தன் சொந்த அக்கா என்பதை வக்கீல் தம்பி முதலிலேயே எழுந்து சொல்லிவிட்டான். ஆட்சேபணை உண்டா என்று நீதிபதி கேட்டார்.

"இல்லைம்மா" என்றார் கம்பெனி வக்கீல். "அக்காவைப் பேசி ஜெயிச்ச தம்பியை நான் இதுவரைக்கும் பாத்ததில்லை."

கம்பெனித் தரப்பு வாதம் நேரானது. இந்த மொழி மரத்தில் காய்க்கவில்லை. சம்பளம் கொடுத்து, ஒரு ஆளை உட்கார வைத்துச் செய்த பொருள். பொம்மை கம்பெனியுடையது, கதை கம்பெனியுடையது, அப்படியென்றால் பொம்மையின் வாயிலிருந்து வருகிற மொழி மட்டும் எப்படி ஊர்ப் பொதுவாகும்? கேட்கும்போது வசனக்காரிக்கே அது நியாயமாகத்தான் பட்டது. தான் உழைத்த உழைப்பை ஒருவர் இப்படி எடுத்துச் சொன்னது அவளுக்கு இதமாகவும் இருந்தது.

அடுத்து அவளைக் கூண்டில் ஏற்றினார்கள். பெரும்பாலான சொற்கள் தன்னுடையவைதான், விதிகள் தன்னுடையவைதான் என்று சொன்னாள். வக்கீல் தம்பி கறுப்பு அங்கியைச் சரிசெய்துகொண்டு எழுந்தான்.

"அக்கா..." என்று தொடங்கிவிட்டு, நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். "சாட்சி அவர்களே. 'லூலூப்பா' என்றால் என்ன?"

"வந்தாயிற்று."

"இன்னிக்கு ஒரு குழந்தை அதை எப்படிச் சொல்லும்?"

"லுலுப்."

"'லுலுப்' உங்க கம்பெனி சொத்தா, அந்தக் குழந்தையோட சொத்தா?"

"எனக்குத் தெரியாது. நான் லூலூப்பான்னுதான் எழுதினேன்."

தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் கையைத் தூக்கினார். "அம்மா, இதை எப்படி எழுதறது? குறிலா நெடிலா?"

"நெடில்" என்றாள் வசனக்காரி. "குறில்" என்றார் டாக்டர், உட்கார்ந்த இடத்திலிருந்து, தன்னை மறந்து. நீதிபதி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டையும் பதியச் சொன்னார்.

"கடைசிக் கேள்வி" என்றான் தம்பி. "மூணாவது வருஷத் தலைப்புப் பாட்டுல 'ஓவுலா'ன்னு ஒரு சொல் வருது. அதுக்கு என்ன அர்த்தம்? அதைச் செஞ்சது நீங்களா?"

முதலாளி கூரையைப் பார்த்தார். வசனக்காரி முதலாளியைப் பார்த்தாள். யாருக்கும் அவளைத் தெரியாத காலத்தில் கூப்பிட்டு வேலை கொடுத்தவர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த மீன்தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து 'நல்லா இருக்கு' என்று சொன்னதும் அவள் வாய்தானே.

"மன்னிச்சுக்கோன்னு அர்த்தம். நான் செய்யலை. டாக்டர் செஞ்சது. எங்களுக்கு அது அப்போ தெரியாது."

தம்பி நீதிபதி பக்கம் திரும்பினான். "பாருங்கம்மா. ஒரு மொழியில இருக்கற சொல்லெல்லாம் செஞ்சவனுக்கே சொந்தம்னா, கம்பெனியும் என் கட்சிக்காரரோட சொல்லை எடுத்துப் பாட்டுப் போட்டு வித்திருக்கு. அதுவும் எந்தச் சொல்லை? மன்னிப்புங்கற சொல்லையே கேக்காம எடுத்துட்டு, அதுக்கு ஒரு மன்னிப்பும் கேக்கலை."

முதலில் சிரித்தது கம்பெனி வக்கீல் அம்மாள்தான். பிறகு நீதிபதிக்கும் சிரிப்பு வந்து, அது இருமலாகி, தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று.

"என் கட்சிக்காரர் நஷ்டஈடு ஒண்ணும் கேக்கலை" என்று தம்பி முடித்தான். "எல்லாரும் பேசட்டும், அதுபோதும்னு சொல்றார்."

தீர்ப்பு வெளியானபோது இரு தரப்புக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைத்திருந்தது. குமிழர்களின் முகம், கதைகள், பாட்டுகள், எழுதிய வசனங்கள் எல்லாம் கம்பெனிக்கே சொந்தம். டாக்டர் அட்டையிலிருந்து குமிழன் படத்தை எடுத்துவிட வேண்டும். புத்தகத்தின் கடைசியில் ஒரு முழு அத்தியாயத்தின் வசனத்தை அப்படியே அச்சிட்டிருந்ததையும் நீக்க வேண்டும். ஆனால் மொழிக்குத் தடை கிடையாது. 'ஒருவர் எழுதிய வாக்கியத்துக்கு அவர் உரிமை கோரலாம். இனிமேல் யார் யாரோ பேசப்போகும் வாக்கியங்களுக்கெல்லாம் இன்றைக்கே வேலி போட இந்த நீதிமன்றத்தால் முடியாது' என்று நீதிபதி எழுதியிருந்தார்.

வசனக்காரிக்கு மனசு நிறைந்துதான் இருந்தது. ஒரு மூலையில் மட்டும், இனி அது தன்னுடையது இல்லை என்ற சின்ன முள் குத்தியது. பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீடு மாதிரி கொஞ்சம் வெறிச்சோடி இருந்தது. அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் தம்பி தன் வாதத்தை முதலிலிருந்து கடைசிவரை நடித்துக் காட்டினான். அம்மா பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, அவன் தட்டை அவன் பக்கமே தள்ளினாள்.

டாக்டரின் மனைவி புது அட்டைக்குச் சிரிக்கிற கடைவாய்ப் பல் ஒன்றை வரைந்து கொடுத்தாள். புத்தகம் முன்னைவிட நன்றாகப் போயிற்று. அதைப் படித்தவர்கள் தொடரையும் தேடிப் பார்த்ததில் முதலாளிக்கும் கோபம் தணிந்தது. வசனக்காரியின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு மாதம் போல அவர் அவளிடம் 'ம்', 'ஊஹூம்' என்று மட்டும் பேசினார். அப்புறம் ஒரு நாள் தானே அவள் மேஜைக்கு வந்து, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"புதுத் தொடர் ஒண்ணு ஆரம்பிக்கிறோம். மேகத்துல வாழற ஆளுங்க. அவங்களுக்கும் ஒரு மொழி வேணும்."

"செய்யலாம் சார்."

"ஆனா இந்தத் தடவை யாராலயும் கத்துக்க முடியாத மாதிரி செய்யணும்."

வசனக்காரி யோசிப்பதுபோல் பென்சிலைத் தட்டினாள். "செய்யலாம். ஆனா நடிகர்கள் எப்படி சார் பேசுவாங்க?"

முதலாளி வெளியே இருந்த பையனைக் கூப்பிட்டு இரண்டு டீ கொண்டுவரச் சொன்னார்.

"சரி, கொஞ்சம் கஷ்டமா செய்" என்றார்.